வெள்ளிக்கிழமைகளில் நின்ற வண்டி

அக்கா,

உங்கள் படத்துக்கு மாமா சந்தனம் வைத்தார். காரியமெல்லாம் முடிந்து, புதிதாகச் சட்டம் போட்ட படத்தைக் கூடத்து நாற்காலியில் சாத்தி மாலை போட்டிருந்தார்கள். மாமா கைத்தடியை உங்கள் மகளிடம் கொடுத்துவிட்டு, கிண்ணத்துக்குள் கட்டை விரலை முழுசாக அமுக்கி எடுத்து, உங்கள் நெற்றி இருக்கிற இடத்தில் கண்ணாடியின் மேல் அப்பினார். வைத்தார் என்று நான் எழுதியது மரியாதைக்காக. அந்தச் சந்தனம் தளர்ந்து வழிந்து உங்கள் இடது கண்ணை மூடிக்கொண்டது. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது பெட்ரோல் வாசனை. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் ஒரு தரம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தவரை நான் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரி, வுடு" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். இப்போது அது முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. மாமாவுக்குப் பெண்டாட்டி நீங்கள், அவர் தம்பிக்குப் பெண்டாட்டி நான். நாம் முறைத்துக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. நமக்கு அந்த வண்டி இருந்தது. நிலத்தில் பாதி மனைகளாகப் போய், தாம்பரம் மார்க்கெட்டில் வைத்த மளிகைக் கடை நன்றாக நடந்து, எண்பதுகளின் நடுவில் மாமா வாங்கிப் போட்ட பழைய கார். ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் வைத்திருந்த வண்டி, பால் வெள்ளை நிறம். வாங்கின மாதமே மாமா ஓட்டப் பழகி, நம் கேட்டுத் தூணை இடித்துத் தள்ளினார். அதற்கப்புறம் அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. உங்கள் கொழுந்தனார், என் வீட்டுக்காரருக்கோ கண்ணாடி போட்டாலும் எதிரில் வருவது லாரியா மாடா என்று சந்தேகம். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அப்பா பல்லாவரத்தில் டாக்ஸி ஓட்டியவர், கல்யாணத்துக்கு முன்பே எனக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்.

அது பெரிய அவமானம் என்று மாமா நினைத்தார். கல்யாணத்துக்குப் போகும்போது பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார், முன்னால் என் பக்கத்தில் உட்கார மாட்டார். ஆனால் தெருவில் வண்டி நிற்பது பெருமை. பெருமைக்கும் அவமானத்துக்கும் நடுவில் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் நாம் இருவரும் குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போகலாம் என்று அனுமதி.

குன்றத்தூர் போகிற வழியில் அனகாபுத்தூர் இருக்கிறது. அங்கே ஆற்றோரத்துச் சந்தில் என் அம்மா பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்திருந்தாள். பஸ்ஸில் போவதென்றால் பல்லாவரத்தில் இறங்கி மாற வேண்டும், காலைச் சமையலுக்கும் கடைக்குச் சாப்பாடு அனுப்புவதற்கும் நடுவில் போய்த் திரும்ப முடியாது. பிறந்த வீட்டுக்கு வாராவாரம் போகிறேன் என்று கேட்டால் அந்த வீட்டில் யார் விடுவார்கள்? முருகன் பேரைச் சொல்லித்தான் நான் அம்மாவுக்குத் தலை வாரினேன், நகம் வெட்டினேன். சில வாரம் மலை ஏறாமலேயே திரும்பி வந்து, அனகாபுத்தூர் பிள்ளையார் கோயில் விபூதியை மாமா கையில் கொடுத்திருக்கிறோம். அந்த யோசனை உங்களுடையது. முருகனுக்கு அண்ணன்தானே, கோவிச்சிக்க மாட்டாரு என்றீர்கள்.

அந்த வண்டி வெள்ளிக்கிழமை மட்டும் நின்றது.

குரோம்பேட்டை தாண்டும் வரை ஒரு குறையும் இருக்காது. பல்லாவரத்தில் இடது பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும். மிதித்தால் குதிக்கும், இருமும், பம்மல் வருவதற்குள் மூச்சை விட்டுவிடும். நாம் இறங்கி வேப்பமர நிழலில் நிற்போம். சைக்கிள் கடைக்காரரிலிருந்து லாரி கிளீனர் வரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கார்புரேட்டர் சூடாகிவிட்டது, பெட்ரோல் ஆவியாகிப் போகிறது, பம்ப்பின் மேல் ஈரத் துணி போடுங்கள், சோக்கைத் தொடாதீர்கள். சாவி என் கையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் "டிரைவர் எங்க போய்ட்டாரு?" என்று கேட்பார்கள். வாராவாரம் கேட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரை மணி நேரம் நின்றால் வண்டி தானாகவே கிளம்பும். ஆறினதும் கிளம்புகிறது என்றால் சூடுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரும் கிழிந்த துண்டும் வண்டியிலேயே வைத்திருந்தோம். துண்டை நனைத்து பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு, நீங்கள் முந்தானையால் இன்ஜினுக்கு விசிறிய காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பிள்ளைக்கு ஜுரம் என்பது போல விசிறுவீர்கள்.

மாமா வண்டியைக் குரோம்பேட்டை மெக்கானிக்கிடம் அனுப்பினார். அவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பம்மலில் நின்றது. மறுபடி மெக்கானிக்கிடம் போனது, மறுபடி அவர் கையில் நன்றாக ஓடியது. அன்று மத்தியானம் உங்கள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லியாம். ஓட்டற காலுதான் சரியில்லயாம்."

பக்கத்தில் உங்கள் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரில் வாய் திறந்து பழக்கமில்லாதவர், மோர் கேட்டார். இன்னொரு வாட்டி ரோட்டில் நின்றால் சாவி கடைக்கு வந்துவிட வேண்டும், சம்பளத்துக்கு ஒரு டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்று மாமா முடித்தார். டிரைவர் வந்தால் வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கடைக்குத் தெரிந்துவிடும். அத்தோடு நான் அம்மாவைப் பார்ப்பது முடிந்தது. நான் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டுவிட்டு கிணற்றடியில் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துப் பார்த்துப் பழக்கிய கால் அது.

அடுத்த வாரமும் பம்மலில் வண்டி இருமி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழுகையைக் கவனிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். அந்த வண்டியின் பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும், அதை நம்ப முடியாது. பின்னால் போய் மூடியைத் திருகினீர்கள். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. காற்று வெளியே வருகிற சத்தமாக இல்லை, உள்ளே இழுக்கிற சத்தம். பயந்து மூடியோடு பின்வாங்கினீர்கள். நான் உள்ளே போய் சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் இழுத்துவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. நிழலில் நிற்கவில்லை, துண்டை நனைக்கவில்லை, இன்ஜின் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

அந்த மூடியின் மேல் மாமாவின் சந்தனம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி, பானெட்டுக்கு, ஸ்டீயரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு என்று வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பெட்ரோல் மூடிக்கு மட்டும் கட்டை விரலால் பெரிதாக ஒரு அப்பு அப்பி, அதன் மேல் குங்குமம் வைப்பார். "எல்லாத்துக்கும் மூலம் இதுதான். மகாலட்சுமி இங்கதான் குந்திகினு கீறா" என்பார். காலையில் வைத்தது பம்மல் வரும்போதும் ஈரமாகவே இருக்கும். திங்கட்கிழமைக்குள் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும்.

நீங்கள் முந்தானையால் அதைத் துடைத்தீர்கள். அடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. சந்தனம் அதை நன்றாக அடைத்திருந்தது. தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, அதில் விட்டுக் குத்தினீர்கள். நுனி வளைந்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டா ஊத்துமா? மூச்சு உட எதிர்ல இன்னொண்ணு போடணும் இல்ல. இத்த அடைச்சிட்டா டாங்க்குல காத்து எப்படிப் போவும்? பெட்ரோல் எப்படி வரும்?"

அவ்வளவுதான். கொஞ்ச தூரம் வரை டாங்க்கில் இருக்கிற காற்றை வைத்து வண்டி ஓடும், அப்புறம் பெட்ரோலை இழுக்க முடியாமல் திணறி நிற்கும். நாம் நிழலில் நின்ற அரை மணியில் எங்கோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும், வண்டி கிளம்பும். சூடும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை, என் காலும் இல்லை. மாமாவின் கட்டை விரல். கடையில் தினமும் எண்ணெய் டின்னைத் தன் கையாலேயே இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுத் திறக்கிற மனிதர் அவர். அதை நினைத்து நான் சிரித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அன்று அம்மாவுக்குத் தலை வாரும்போது வகிடைக் கோணலாக எடுத்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அந்த மூடியைக் கொண்டுபோய் அவர் இலைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன் என்றேன். சானடோரியம் தாண்டினதும் நீங்கள் ஓரமாக நிறுத்தச் சொன்னீர்கள்.

"தோ பாரு. அவரு வெச்ச சந்தனத்தாலதான் வண்டி நிக்குதுன்னு சொன்னா, அவரு வண்டியையே வித்துடுவாரு. உனக்கு வண்டி ஓடணுமா, நீ கெலிக்கணுமா?"

ஜெயிப்பதை நீங்கள் கெலிப்பது என்றுதான் சொல்வீர்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். அம்மாவின் விழுந்த பக்கத்துக் கை ஞாபகம் வந்தது. வண்டி ஓடணும் அக்கா என்றேன்.

அன்றிலிருந்து அது நமக்கு ஒரு வேலையாகிவிட்டது. மாமா வெள்ளிக்கிழமை சந்தனம் அப்புவார். கற்பூரம் காட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். நான் வண்டியை எடுப்பேன். மார்க்கெட் தெரு முனையில், ரேஷன் கடை எதிரில், நிறுத்து என்பீர்கள். இறங்கிப் போய் மூடியைத் துடைத்து, ஓட்டையைக் குத்தி, முந்தானையை மடித்துச் செருகிக்கொண்டு வந்து உட்காருவீர்கள். இங்கே வேண்டாம், முனை திரும்பினதும் நிறுத்துகிறேன், அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இங்கியே நிறுத்து, வெளிச்சம் நல்லா கீது" என்பீர்கள். உங்கள் எல்லாப் புடவையிலும் முந்தானை ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது.

வண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை. அம்மா போகிறவரை வாராவாரம் போனேன். அவளுடைய கடைசி வெள்ளிக்கிழமையும் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அதை நான் மறக்கவில்லை, உங்களால்தான் அது நடந்தது, எந்தக் கோபத்திலும் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் கூடவே நடந்தது என்ன? வண்டி ஏன் சரியானது என்பதற்கு மாமா ஒரு கதை வைத்துக்கொண்டார். தான் போட்ட சத்தத்தில் நான் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று முதலில் கடையில் சொன்னார். அப்புறம் கல்யாணங்களில் சொன்னார், வளைகாப்பில் சொன்னார், என் மகன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். "எங்க வூட்டு சின்ன மருமக, அந்தக் காலத்துலயே கார் ஓட்டும்" என்று பெருமையாக ஆரம்பிப்பார், உடனே பம்மலில் நின்ற கதைக்குப் போய்விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே பாயசம் பரிமாறுவேன். நீங்கள் தூரத்திலிருந்து என்னைப் பார்ப்பீர்கள், வுடு என்று. தொண்ணூறுகளின் கடைசியில் வண்டியை விற்றோம். கதையை யாரும் விற்கவில்லை. வண்டிதான் போய்விட்டதே, அம்மாவும் போய்விட்டாள், இனி சொன்னால் என்ன என்று அப்போதே கேட்டேன். வயசான காலத்தில் அவருக்கு எதற்கு என்றீர்கள். அவருக்கு அப்போது அப்படி ஒன்றும் வயசாகிவிடவில்லை.

சரி, இனி உங்கள் படத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். சந்தனம் வைத்துவிட்டு மாமா நாற்காலியில் உட்கார்ந்து, வந்த உறவுக்காரர்களிடம் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் குன்றத்தூர் போவாள் என்றார். வண்டியைத் தொட்டார். வண்டியிலிருந்து பம்மலுக்கு வந்தார். துக்க வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள். அவரைப் பார்க்கப் பிடிக்காமல் உங்களைப் பார்த்தேன். சந்தனம் உங்கள் கண்ணை மூடியிருந்தது. எழுந்து போய் முந்தானையால் அதைத் துடைத்தேன். வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை, நீங்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பின்னாலிருந்து மாமா சொன்னார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

"அவளும் இப்படித்தான். தெருமுனையில வண்டிய நிறுத்தி மூடிய தொடைப்பா."

நான் திரும்பினேன். உங்களுக்குத் தெரியுமா மாமா என்று கேட்டேன். கடை வாசலிலிருந்து பார்த்தால் தெருமுனை தெரியாதா என்றார். தெரிந்துமா வாராவாரம் வைத்தீர்கள் என்றேன். சாமிக்கு வைக்கிறதை வைக்கத்தான் வேண்டும், வண்டி ஓடுவதற்கு அவள் துடைத்துக்கொண்டாள், ஓடியதா இல்லையா என்றார். அவர் முகத்தில் குற்றமும் இல்லை, கேலியும் இல்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

"அப்ப என் காலு?" என்று கேட்டேன்.

"எந்தக் காலு?" என்றார்.

நிஜமாகவே தெரியாமல் கேட்டார் அக்கா. நடிக்கவில்லை. ரசத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வரியை அவர் அன்றைக்கே கை கழுவிவிட்டு எழுந்து போயிருக்கிறார். நான்தான் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். வண்டி நின்றது சந்தனத்தால், நின்ற வண்டியை ஓட வைத்தது இந்தப் படத்தில் இருக்கிறவள், என் காலில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் மகள் என் தோளைப் பிடித்து "விடுங்க சித்தி" என்றாள். அவளுக்கும் அதே வார்த்தைதான் வாயில் வருகிறது. உங்கள் கொழுந்தனார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மாமா காபி கேட்டார்.

இப்போது என் கேள்வி. அவருக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்று நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தத் தெருமுனை உறுத்துகிறது. நான் அத்தனை தரம் சொல்லியும் ஏன் முனை திரும்பவிடவில்லை? வெளிச்சம் அந்தப் பக்கமும்தான் இருந்தது. கடை வாசலில் நிற்கிறவருக்குத் தெரிகிற மாதிரி, வாராவாரம், அவர் வைத்ததை அவர் எதிரிலேயே துடைத்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தீர்களா? அவர் அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாரா? அப்படியென்றால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் கெலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். உங்கள் வழியில், சத்தமில்லாமல். என்னை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கச் சொன்னீர்கள்? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. கல்யாண வீடுகளில் பாயசம் பரிமாறும்போது நானும் உள்ளுக்குள் கொஞ்சம் சிரித்திருப்பேன்.

உங்கள் தாலிக்கொடியைக் கழற்றும்போது அதில் மாட்டியிருந்த ஊக்குகளை உங்கள் மகள் ஒரு கிண்ணத்தில் போட்டாள். ஒன்று நுனி வளைந்திருந்தது. இது எதுக்கு என்று எறியப் போனவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் கொடியில் இருக்கிறது. சரியாக மூடாது. குனிந்து நிமிரும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. மாற்றிவிடு என்கிறார் உங்கள் கொழுந்தனார். மாற்ற மாட்டேன்.

வண்டி ஓடணுமா, நீ கெலிக்கணுமா என்று சானடோரியம் ஓரத்தில் என்னைக் கேட்டீர்கள். அப்போது எனக்குச் சின்ன வயசு, அம்மா படுத்திருந்தாள், ஒன்றைத்தான் கேட்கலாம் என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ரெண்டும் வேண்டும் அக்கா.